பழைய ஹைட்ராலிக் ஜாக்கிக்கு சீலும் எண்ணெயும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தந்தையார் லாரி வைத்திருந்த காலத்தில் வாங்கிய 10 டன் பாட்டில் ஜாக்கி ஒன்று பல ஆண்டுகளாக வீட்டில் சும்மா கிடக்கிறது. சுமை ஏற்றினால் மேலெழும் தண்டின் தலைப்பக்கத்தில் எண்ணெய் கசிந்து வழிகிறது. பெயர்த்தகடு தேய்ந்துபோய்விட்டது. கடைகளில் கேட்டால், "அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, கிட் கிடைக்காது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இதற்கு சீல் கிடைக்க வழி உண்டா?
– வாசகர், சங்ககிரி

பதில்: உண்டு. கம்பெனி மூடப்பட்டதற்காக ஜாக்கியைக் கைவிட வேண்டியதில்லை. ஜாக்கி செய்தவர்களில் பெரும்பாலோர் சீலை, அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையத்தை, தாமே வார்த்தவர்கள் அல்லர். சீல் தயாரிப்பாளர்களின் வழக்கமான அளவுகளில் ஒன்றை வாங்கி, அதற்கு ஏற்றபடி காடி (சீல் உட்காரும் பள்ளம்) வெட்டிக்கொண்டவர்கள். ஆகவே கடைக்காரரிடம் ஜாக்கியின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டு, அளவைச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் உதிரிபாகக் கடையைத் தவிர்த்து, ஹைட்ராலிக் சீல் மட்டுமே விற்கும் கடைக்குப் போங்கள். உங்களுக்கு அருகிலேயே திருச்செங்கோடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர் அது. ஒவ்வொரு வண்டியிலும் பல ஹைட்ராலிக் சிலிண்டர்கள் இருப்பதால், அவற்றுக்கு சீல் விற்பவர்களும் சிலிண்டர் பழுது பார்ப்பவர்களும் அங்கே நிறைய உண்டு. நாமக்கல்லிலும் டிப்பர் வண்டிகளுக்காக இத்தகைய கடைகள் இருக்கின்றன.

ஆனால் சீல் வாங்கப் புறப்படுவதற்கு முன் ஜாக்கியைப் பிரித்து இரும்பைப் பார்த்துவிட வேண்டும். தண்டை முழுவதும் இறக்கி, ரிலீஸ் வால்வை (சுமையை இறக்கத் திறக்கும் திருகு) திறந்து, பழைய எண்ணெயை ஒரு சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தை வைஸில் இறுகப் பிடித்து, மேலே உள்ள பெரிய நட்டை நீளமான கைப்பிடியுள்ள ரெஞ்சால் கழற்ற வேண்டும். பல ஆண்டு இறுகிப்போன நட்டு எளிதில் அசையாது. அதற்காக உள்ளே எண்ணெய் எஞ்சியிருக்கும் ஜாக்கியை கேஸ் கட்டர் நெருப்பில் காட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மரையில் துருநீக்கி எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, ரெஞ்சின் கைப்பிடியில் குழாயைச் செருகித் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். வால்வுகளைப் பிரிக்கும்போது எந்தத் துளையிலிருந்து எந்தக் குண்டு வந்தது, எதன்மேல் ஸ்பிரிங் இருந்தது என்பதைப் படிப்படியாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜாக்கியில் இரண்டு மூன்று அளவுகளில் எஃகுக் குண்டுகள் இருக்கக்கூடும். மாற்றிப் போட்டால் ஜாக்கி தூக்காது.

தண்டை டீசலில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் 1000 அல்லது 1200 எண் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, தண்டைச் சுற்றிவருமாறு தேய்த்தால் போய்விடும். நீளவாக்கில் தேய்த்தால் கீறலே எண்ணெய்க்கு வழியாகிவிடும். நகத்தை ஓட்டும்போது தட்டுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் நிலைமை வேறு. அந்தக் குழியின் விளிம்பு, சீலின்மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சிறிது சிறிதாக அறுக்கும். எவ்வளவு உயர்ந்த சீல் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி கசியும். அப்போது தண்டைக் கிரைண்டிங் செய்து ஹார்டு குரோம் பூசி, மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆகும் செலவு புதிய ஜாக்கியின் விலையை நெருங்கும் என்பதால், அந்த முடிவை சீல் வாங்கிய பிறகு எடுப்பதைவிட முன்பே எடுப்பது நல்லது. சிலிண்டரின் உட்சுவரையும் இதேபோல டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இரும்பு நன்றாக இருந்தால் அடுத்த வேலை அளவெடுப்பது. இந்த இடத்தில்தான் பலர் தவறான பொருளோடு வீடு திரும்புகிறார்கள். பழைய சீலைக் கழற்றி ஒரு தாளில் மடித்து எடுத்துப்போய், "இதே மாதிரி கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். அந்த ரப்பர் பல ஆண்டு எண்ணெயில் ஊறி உப்பியிருக்கும், அல்லது காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். அதன் இன்றைய அளவு அது புதிதாக இருந்தபோது இருந்த அளவன்று. மாறாமல் இருப்பது இரும்பின் அளவு. ஆகவே வெர்னியர் அளவுகோலால் மூன்று அளவுகளை எடுங்கள்: சிலிண்டரின் உள்விட்டம், சீல் உட்காரும் காடியின் அடிவிட்டம், காடியின் அகலம். வெர்னியர் பழக்கம் இல்லையென்றால் அருகில் உள்ள லேத் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அளந்து எழுதித் தருவார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சிலிண்டரின் உள்விட்டம் 42 மி.மீ., காடியின் அடிவிட்டம் 36 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி 3 மி.மீ.; ஓ-ரிங் (வட்டக் குறுக்குவெட்டுள்ள ரப்பர் வளையம்) குடியிருக்க வேண்டிய இடைவெளி இதுதான். ஓ-ரிங்கின் தடிமன் இதைவிடச் சற்று அதிகமாக இருந்து, உள்ளே போனதும் நசுங்கி நிற்க வேண்டும். அங்குல வரிசையில் 3.53 மி.மீ. தடிமன் ஒரு வழக்கமான அளவு; அது இங்கே ஏறத்தாழ 15 விழுக்காடு நசுங்கும், அது சரியான அளவே. உள்விட்டம் 34.5 மி.மீ. அளவில் இருந்தால் காடியில் லேசாக இழுபட்டு, நழுவாமல் உட்காரும். ஜப்பானிய வரிசையில் இதற்கு நிகரான தடிமன் 3.5 மி.மீ. உங்கள் ஜாக்கி எந்த நாட்டு வடிவமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று பொருந்தும். காடியின் அகலம் 6 மி.மீ.க்கு மேல் இருந்தால், ஓ-ரிங்குடன் டெஃப்லான் பேக்கப் ரிங் ஒன்றும் அங்கே இருந்திருக்கிறது என்று பொருள்; கழற்றும்போது அது துண்டு துண்டாக வந்திருக்கலாம். அதைக் குப்பை என்று எறிந்துவிட்டு ஓ-ரிங்கை மட்டும் போடுகிறவர்கள் உண்டு. எண்ணெய் அழுத்தம் வராத பக்கத்தில் அந்த ரிங் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏன் கட்டாயம் என்பது அழுத்தத்தைக் கணக்கிட்டால் விளங்கும். 42 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் (தண்டின் அடிப்பகுதி) பரப்பு ஏறத்தாழ 13.85 சதுர செ.மீ. அதன்மேல் 10 டன் ஏற்றினால் எண்ணெயில் உண்டாகும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 720 கிலோ. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் 8 கிலோ அளவுதான். இத்தனை பெரிய அழுத்தம் மென்மையான ரப்பரைப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே உள்ள மயிரிழை இடுக்கில் பிதுக்கித் தள்ளி, அதன் விளிம்பைக் கடித்துத் துப்பிவிடும். பேக்கப் ரிங் அந்த இடுக்கை அடைக்கிறது. இதே காரணத்தால், குழாய்களுக்குப் போடும் சாதாரண 70 ஷோர் கடினத்தன்மை உள்ள ஓ-ரிங்கைவிட, 90 ஷோர் உள்ள நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிஸ்டனில் இருந்தது யூ-சீல் (U எழுத்துப் போன்ற குறுக்குவெட்டுள்ள சீல்) என்றால் பாலியுரித்தேனில் வாங்கலாம். தேய்மானத்தைத் தாங்குவதில் அது நைட்ரைலைவிட மேலானது.

கசிவு தலைப்பக்கத்தில் தெரிந்தாலும், மேல் நட்டில் உள்ள சீலை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். கீழே பிஸ்டனில் உள்ள சீலைத் தாண்டி வந்த எண்ணெய்தான் பெரும்பாலும் மேலே வழிகிறது. பம்ப் பிளஞ்சரின் (கைப்பிடி அசைக்கும் சிறிய தண்டின்) சீல், ரிலீஸ் வால்வின் சிறிய ஓ-ரிங், எண்ணெய்த் தொட்டியின் குழாய் மேலும் கீழும் உட்காரும் இடங்களில் உள்ள பேக்கிங், எண்ணெய் ஊற்றும் துளையின் ரப்பர் மூடி ஆகிய அனைத்தையும் ஒரே முறையில் மாற்றுவதே முறை. பிரித்து மாட்டும் உழைப்போடு ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகக் குறைவு.

கேள்வி: எங்கள் கராஜில் பழைய 3 தொன் ட்ரொலி ஜக் ஒன்று உள்ளது. ஒயில் குறைந்தபோது வேலை செய்யும் தம்பி ஒருவர் பிரேக் ஒயிலை ஊற்றிவிட்டார். சில நாட்கள் நன்றாக வேலை செய்தது. இப்போது ஹாண்டில் இறுகுகிறது, ஒயிலும் கசிகிறது. இதற்கு எந்த ஒயில் சரி? எஞ்சின் ஒயில் ஊற்றலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பிரேக் ஒயிலும் அழுத்தத்தைக் கடத்துகிற திரவம்தானே என்று எண்ணி இப்படிச் செய்கிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள், தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். வாகனங்களின் பிரேக்கில் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைத் திரவம் கிளைக்கால் சேர்ந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கிளைக்காலைத் தாங்கும், கனிம எண்ணெயில் உப்பும். ஜக்கில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் கனிம எண்ணெயைத் தாங்கும், கிளைக்காலில் உப்பி இளகும். உங்கள் ஹாண்டில் இறுகியது, பம்பின் சீல் உப்பி உட்சுவரைப் பிடித்துக்கொண்டதால் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்தால் உள்ளே எஃகுக் குண்டுகளும் அவை உட்காரும் இருக்கைகளும் துருப்பிடிக்கும்.

உள்ளே எஞ்சியிருப்பது எது என்ற ஐயம் இருந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, ஜக்கிலிருந்து வடித்ததில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். கனிம எண்ணெய் மேலே தனியாக மிதந்து நிற்கும். கிளைக்கால் பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்திருந்தால் கீழே கலங்கிய நீரும் மேலே எண்ணெய்ப் படலமுமாகத் தெரியும். அடியில் கருமையான துகள்கள் படிந்தால், அவை உங்கள் சீல்களிலிருந்து உதிர்ந்தவை.

ஒருமுறை உப்பிய சீல் எண்ணெயை மாற்றுவதால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே ஜக்கைப் பிரித்து, எல்லாத் துளைகளையும் கழுவி, காற்றடித்து உலர்த்தி, சீல் முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். கொழும்பில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர்கள் யாரேனும் இருந்தால், மேலே சங்ககிரி வாசகருக்குச் சொன்ன மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஜக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஊற்ற வேண்டியது ஹைட்ராலிக் ஒயில். அதன் தகரத்தில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்ற எழுத்துகளும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 40 பாகை வெப்பத்தில் அந்த எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதை அந்த எண் குறிக்கிறது. ஜக்குகளுக்கு 15 முதல் 32 வரை ஏற்றவை. நம் வெயிலுக்கு 32 நன்றாகப் பொருந்தும், நுவரெலியா, ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் 22 நல்லது. இந்தியாவில் இருப்பவர்கள் இந்தியன் ஆயிலின் சர்வோ சிஸ்டம் 32 போன்றவற்றைக் கேட்டு வாங்கலாம். எந்த நிறுவனத்தின் எண்ணெய் என்பதைவிட அந்த எண்ணே முக்கியம். ஒரு ஜக்குக்குத் தேவை பெரும்பாலும் அரை லீற்றருக்கு உட்பட்டதுதான். ஆகையால் பெரிய வாளியாக வாங்க வேண்டாம். உதிரியாக வாங்கும்போது, முன்பு வேறு எதற்கோ பயன்பட்ட போத்தலில் ஊற்றித் தருவதை ஏற்காதீர்கள். ஒரு மணல் துகள் எஃகுக் குண்டுக்கு அடியில் சிக்கினாலும் ஜக் சுமையை நிறுத்தாது.

எஞ்சின் ஒயில் நைட்ரைல் சீலைக் கெடுக்காது; அவசரத்துக்கு ஊற்றினால் ஜக் தூக்கவும் தூக்கும். ஆயினும் 20டபிள்யூ-40 எஞ்சின் ஒயில், 32 எண் ஹைட்ராலிக் ஒயிலைவிட மூன்று மடங்குக்கு மேல் தடிப்பானது. பம்ப் மெதுவாக நிரம்பும், ஜக் இறங்கவும் நேரம் பிடிக்கும். அதில் சேர்க்கப்பட்டுள்ள அழுக்கு நீக்கிகள் உள்ளே வரும் ஈரத்தைப் பிரியவிடாமல் எண்ணெயோடு கலந்து வைத்திருக்கும். அவசரத்துக்கு வேறு எதுவும் இல்லையென்றால், ஓட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஒயில் அதைவிடப் பொருத்தமானது.

கேள்வி: ரயில்வே கழிவுப் பொருட்களோடு வந்த மிகப் பழைய ஜாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்ததாக உடலில் வார்ப்பெழுத்து இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ரப்பரே இல்லை. கிண்ணம் போல வளைந்த தோல் வாஷர்தான் இருக்கிறது. கைப் பம்புக்கு விற்கும் தோல் வாஷரைப் போடலாமா?
– வாசகர், பொன்மலை, திருச்சி

பதில்: நல்ல பொருள் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பர்மிங்காம் அருகே இயங்கிய டாங்யி நிறுவனத்தின் ஹைட்ராலிக் ஜாக்கிகள்தாம், தண்ணீரில் இறங்க மறுத்த 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பலை 1858-ல் தேம்ஸ் ஆற்றில் தள்ளி இறக்க உதவின. அந்தத் தலைமுறைக் கருவிகள் அனைத்தும் தோலையே நம்பியிருந்தன. 1795-ல் ஜோசஃப் பிராமா ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றபோது, அழுத்தம் கூடக் கூடக் கசிவும் கூடுகிறதே என்பதுதான் பெரிய தடையாக இருந்தது. அவரிடம் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே, எண்ணெயோ நீரோ தன் அழுத்தத்தாலேயே தோலின் உதட்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்படி வளைத்த தோல் வளையத்தை அமைத்து அதைத் தீர்த்தார் என்பார்கள். இன்றைய பாலியுரித்தேன் யூ-சீலும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. அதனால்தான் உதடு எப்போதும் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் புதிய சீலும் ஒழுகும்.

கைப் பம்பு வாஷர் கூடாது. நம் ஊர்களில் உள்ள இந்தியா மார்க் 2 பம்பு 45 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை ஏற்றினாலும், வாஷர் தாங்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 4.5 கிலோ அளவுதான். ஜாக்கிக்குள் அது நூற்றுக்கணக்கான கிலோ.

முதலில் இருக்கும் தோலையே பார்ப்போம். வெடிக்காமலும் அறுபடாமலும் வெறுமனே காய்ந்து விறைத்திருந்தால், அதற்கு உயிர் இருக்கிறது. தூசு துடைத்து, வெதுவெதுப்பான ஹைட்ராலிக் எண்ணெயில் ஓரிரு நாள் மூழ்க வைத்து, விரலால் உதட்டை மெல்ல வெளிப்பக்கம் நெகிழ்த்திவிடுங்கள். சூடு கை பொறுக்கும் அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். இப்படி ஊறிய தோல் மறுபடி நெடுங்காலம் உழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். நைந்த ரப்பரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கிழிந்திருந்தால் புதிதாகச் செய்யலாம். உங்களுக்குத் திண்டுக்கல் தூரமில்லை. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட கெட்டியான தோலுக்குப் பெயர் பெற்ற வட்டாரம் அது. இன்று வேறு மரப்பட்டைகளும் பயன்படுகின்றன என்றாலும், தாவரப் பதனீட்டுத் தோல் கிடைக்கிறது. அத்தகைய தோல் நனைத்து அச்சில் அழுத்தினால் வளைந்து, காய்ந்தபின் அந்த வடிவத்தில் நிற்கும். லேத் பட்டறையில் சிலிண்டரின் உள்விட்டத்துக்கு ஒரு வளைய அச்சும், அதற்குள் தோலின் தடிமன் விட்டு நுழையும் ஓர் ஆண் அச்சும் கடைந்து வாங்குங்கள். தோலை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மெத்தென்று ஆகும்வரை ஊறவைத்து, இரண்டு அச்சுக்கும் இடையே வைஸில் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமின்றி அழுத்த வேண்டும். அச்சிலேயே நிழலில் நன்றாகக் காயவிட்டு, விளிம்பைக் கூரான கத்தியால் உட்பக்கம் சரிவாகச் சீவி, பிறகு எண்ணெயில் ஊறப் போட வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பிஸ்டனின் அடிப்பகுதியில் காடி கடைந்து பாலியுரித்தேன் யூ-சீலுக்கு மாற்றிவிடுகிறார்கள். தினமும் பாரம் தூக்கும் ஜாக்கிக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இத்தனை பழைய ஜாக்கியின் மூல உறுப்பில் லேத் உளி படுவதற்கு முன் ஒருமுறை தோலை முயன்று பாருங்கள்.

கேள்வி: எல்லா சீலும் மாற்றிவிட்டேன். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆனாலும் சுமை மெதுவாக இறங்குகிறது. பம்பின் கைப்பிடியும் தானாக மேலே எழுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: கைப்பிடி தானாக எழுவது தெளிவான அடையாளம். தண்டுக்கு அடியில் தங்க வேண்டிய அழுத்தம் பம்பை நோக்கித் திரும்புகிறது; அதைத் தடுக்க வேண்டிய வெளியேற்று வால்வின் குண்டு தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. கைப்பிடி எழாமல் சுமை மட்டும் இறங்கியிருந்தால் ரிலீஸ் வால்வை முதலில் சந்தேகிக்கலாம்.

குண்டை எடுத்து லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் வளையமாகத் தேய்ந்த கோடோ துருப்புள்ளியோ இருந்தால், பேரிங் கடையில் அதே அளவில் புதிய எஃகுக் குண்டுகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றை இருக்கையில் வைத்து, அதன்மேல் பித்தளைக் கம்பியை நிறுத்திச் சுத்தியலால் ஒரே ஒரு முறை அளவான அடி கொடுங்கள். இருக்கையின் விளிம்பு குண்டின் வடிவத்துக்குப் பதிந்துவிடும். அடி வாங்கிய குண்டை எறிந்துவிட்டு, இரண்டாவது குண்டைப் போட்டு ஸ்பிரிங்கை மாட்டுங்கள். அந்த வேலையின்போது பக்கத்தில் இன்னொரு திருகு கண்ணில் படும். பெரும்பாலும் அதன் மேல் ஒரு மூடியோ மெழுகோ இருக்கும். அது மிகைச் சுமையைத் தடுக்கும் பாதுகாப்பு வால்வு. அதைத் திருகி இறுக்கினால் ஜாக்கி அதிகம் தூக்கும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். தன் தகுதிக்கு மேல் தூக்கிய ஜாக்கி எந்த எச்சரிக்கையும் தராமல் உடைந்துபோகும்.

மாட்டியபின் தண்டை முழுவதும் இறக்கி, ஜாக்கியை நேராக நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை மட்டும் எண்ணெய் நிரப்புங்கள். ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாகப் பம்ப் அடித்து, பிறகு வால்வை மூடித் தண்டைச் சுமையில்லாமல் முழு உயரத்துக்கு ஏற்றி இறக்குங்கள். கைப்பிடி மெத்தென்று அமுங்குவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்து, மட்டம் குறைந்தால் மறுபடி ஊற்றி மூடியைப் போடுங்கள். சோதிக்கும்போது வண்டியின் ஒரு பக்கத்தைச் சிறிது மட்டும் தூக்கி, அருகிலேயே ஸ்டாண்டு கொடுத்து, தண்டின் உயரத்தை அளந்து எழுதிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அளவு மாறாமல் இருந்தால் வேலைக்கு எடுக்கலாம். அப்போதும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.